சீனத் தபால்தலைகளில் மேலச்சு: ஏன் வந்தது, எப்படிச் சோதிப்பது

(திரையில்: சிவப்புத் தபால்தலை ஒன்று, நெருக்கத்தில்)

இது லண்டன் வாட்டர்லோ அச்சகத்தில் அச்சானது. அச்சானபோது இது தபால்தலையே அல்ல, 3 சென்ட் மதிப்புள்ள ரெவின்யூ ஸ்டாம்ப். இதன்மேல் தெரியும் கறுப்பு எழுத்துகள் பிறகு ஷாங்காயில் ஏற்றியவை. இதைத் தபால்தலை ஆக்கியதே அந்தக் கறுப்பு மைதான்.

முன்பே அச்சிட்ட தபால்தலைமேல் மறுபடி எழுத்தோ எண்ணோ அச்சிடுவதை மேலச்சு என்கிறோம். சீனாவில் ஆட்சியும் நாணயமும் மாறிய வேகத்துக்கு அச்சகங்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. அதனால் அந்த நாட்டுத் தபால்தலை வரலாற்றை மேலச்சு வழியாகப் பார்த்தாலே பெரும்பகுதி விளங்கிவிடும்.

(திரையில்: பெரிய டிராகன், மூன்று நிறங்கள்)

தொடக்கம் 1878. தபால் அப்போது சுங்கத்துறையின் கையில் இருந்தது. அதன் தலைவர் ராபர்ட் ஹார்ட், அயர்லாந்துக்காரர். சேகரிப்பாளர்கள் 'பெரிய டிராகன்' என்று சொல்லும் முதல் தொகுதியில் மூன்றே மதிப்புகள்: பச்சையில் 1, சிவப்பில் 3, மஞ்சளில் 5 கேண்டரின். கேண்டரின் என்பது வெள்ளியின் எடைக் கணக்கு. சிக்கலின் விதை இங்கேதான்.

1896 மார்ச் 20-இல் அரசாணை வந்து, பேரரசுத் தபால்துறை உருவானது. 1897-இல் கணக்கு சீன டாலர், சென்ட்டுக்கு மாறியது. புதிய தபால்தலைகள் வந்து சேரும்வரை தபால் நிற்க முடியாதே! கையிருப்பிலிருந்த கேண்டரின் தலைகள்மேல் சென்ட் மதிப்பை அச்சிட்டார்கள். அதுவும் போதாமல், பயன்படாமல் கிடந்த அந்தச் சிவப்பு ரெவின்யூ தாள்களையும் எடுத்தார்கள்.

1 டாலர் மதிப்பை முதலில் ஏற்றியபோது சீன எழுத்துகள் மிகச் சிறிதாக விழுந்தன. உடனே நிறுத்திவிட்டு, பெரிய எழுத்தை வைத்து மறுபடி அச்சிட்டார்கள். நிறுத்துவதற்கு முன் வெளிவந்தவையே 'சிறிய ஒரு டாலர்'. இன்று அறியப்பட்டவை 32 மட்டுமே. அச்சுக்கூடத்தில் யாரோ 'எழுத்து கண்ணுக்குத் தெரியவில்லை' என்று முகம் சுளித்ததன் பலன் இது.

(திரையில்: சிலுவை வடிவில் எழுத்துகள் ஏறிய சுருள் டிராகன்)

1912-இல் மன்னராட்சி போய்க் குடியரசு வந்தது. தபால்துறைக்கு அப்போது தலைவர் பிரெஞ்சுக்காரரான பிரி. எந்தப் பக்கமும் சாயாமல் இருக்கலாம் என்று பழைய டிராகன் தலைகள்மேல் 'தற்காலிக நடுநிலை' என்று அச்சிட்டார்கள். குடியரசின் தற்காலிக அதிபர் சுன் யாட்-சென்னின் நான்ஜிங் அரசு கொதித்தது: குடியரசு இருக்கிறது, இதில் என்ன நடுநிலை? சமாதானமாக 'சீனக் குடியரசு' என்ற சொல்லையும் குறுக்கே சேர்த்தார்கள், சிலுவை போல. இப்போது படித்தால் 'சீனக் குடியரசு, தற்காலிக நடுநிலை' என்று இன்னும் அபத்தமாக வந்தது. அதையும் திரும்பப் பெற்று, 'சீனக் குடியரசு' என்று மட்டும் ஏற்றினார்கள்.

அடுத்தது நிலப்பகுதி மேலச்சு. சிஞ்சியாங்கில் 1915 முதல், யுன்னானில் 1926 முதல், 'இந்த மாகாணத்தில் மட்டும் ஒட்ட' என்ற வரி வருகிறது. காரணம் உள்ளூர்ப் பணம். அங்கே புழங்கிய பணத்துக்குத் தேசிய நாணயத்தைவிட மதிப்புக் குறைவு. மலிவான பணத்தில் தபால்தலையைக் கட்டுக்கட்டாக வாங்கி, ஷாங்காயில் முழு விலைக்கு விற்றால் நல்ல லாபம். அந்த வழியை அடைக்கத்தான் இந்த வரி.

பிறகு பணவீக்கம். 1948 ஆகஸ்டில் 30 லட்சம் பழைய யுவானுக்கு 1 தங்க யுவான் என்று மாற்றினார்கள். சில மாதங்களில் அதுவும் சரிந்தது. 1949-இல் மறுபடி ரெவின்யூ ஸ்டாம்ப்களை எடுத்துப் புது மதிப்பை ஏற்றினார்கள். விலையை அச்சிட்டு மை காய்வதற்குள் கட்டணம் ஏறிவிடுவதால், கடைசியில் மதிப்பே இல்லாத தலைகள் வந்தன: சாதாரணக் கடிதத்துக்கு ஒன்று, பதிவுத் தபாலுக்கு ஒன்று, விரைவுக்கு ஒன்று, விமானத்துக்கு ஒன்று. வாங்கும் நாளின் கட்டணம்தான் அதன் விலை. 1950-இல் மக்கள் சீனமும் இதே தாள்கள்மேல் தன் பெயரையும் மதிப்பையும் அச்சிட்டு விற்றது.

(திரையில்: லென்ஸின் கீழ் எழுத்து ஓரம்)

இனி சோதனை. மலிவான அடித்தலைமேல், அதாவது மேலச்சுக்கு அடியில் இருக்கும் மூலத் தபால்தலைமேல், போலி மேலச்சு ஏற்றுவதுதான் மிகச் சுலபமான மோசடி. 10 மடங்கு லென்ஸ் ஒன்று, சாய்வாக விழும் வெளிச்சம், இடுக்கி, இவை போதும்.

முதலில் எழுத்தின் ஓரம். ஈய எழுத்தில் அடித்த மேலச்சில் மை ஓரத்துக்குப் பிதுங்கி, நடுவைவிட விளிம்பு கொஞ்சம் கருத்து நிற்கும். பின்பக்கம் திருப்பி வெளிச்சத்தைச் சாய்த்தால் அழுத்தத் தடமும் பல நேரம் தெரியும். இங்க்ஜெட் என்றால் விளிம்பில் சிறு சிறு புள்ளிகள் சிதறியிருக்கும். லேசர் என்றால் தூள் மேலே பளபளவென்று உட்கார்ந்திருக்கும்.

அடுத்து, எது மேலே எது கீழே. உண்மையில் மேலச்சு முதலில், தபால் முத்திரை பிறகு. மேலச்சு மை முத்திரையின் மேல் ஏறி ஓடினால், பழைய பயன்படுத்திய தலையில் பின்னால் யாரோ அச்சிட்டிருக்கிறார்கள். முத்திரையின் தேதியையும் படியுங்கள். 1896 முத்திரையோடு 1897 மேலச்சு வருவது நடக்காது. எளிமையான சோதனை, ஆனால் பலரும் தேதியைப் பார்ப்பதே இல்லை.

சிவப்பு ரெவின்யூவுக்கு இன்னொன்று. அடித்தலை செதுக்கு அச்சு, கோடுகள் தாள்மட்டத்துக்கு மேல் எழுந்து நிற்கும். சாய்ந்த வெளிச்சத்தில் எல்லாம் தட்டையாக இருந்தால் மேலச்சைப் பார்க்கவே வேண்டாம், தலை முழுவதுமே போலி. கோடுகள் எழுந்து நின்றாலும், எழுத்தைச் சுற்றித் தாள் மெலிந்தோ வெளுத்தோ இருந்தால், மலிவான மதிப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு வேறொன்றை ஏற்றியிருக்கலாம். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் மெலிவு தெரிந்துவிடும்.

பசை இல்லை என்பதற்காக மட்டும் எதையும் ஒதுக்காதீர்கள். 1949-க்குப் பின் வந்த பல சீனத் தலைகள் பசையில்லாமலேயே விற்கப்பட்டவை. அப்படிப்பட்ட ஒன்றின் பின்புறம் புதுப் பசை மினுங்கினால் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.