ஆய்வுக்கு வெளியே நிற்கும் தாய்

(குன்னூரில், கிராம சுகாதாரச் செவிலியர்களும் தேயிலைத் தோட்ட மருத்துவமனைப் பணியாளர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம். கொடிய தொற்றுகளையும் தாய்மை நலத்தையும் ஒரே தலைப்பில் சேர்த்துப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். மருத்துவமனையில் இவை இரண்டும் வெவ்வேறு துறைகள், வெவ்வேறு வார்டுகள். கடும் காய்ச்சலோடு வரும் கர்ப்பிணியை எந்த வார்டில் சேர்ப்பது என்ற இழுபறியை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். ஆய்வுலகிலும் அவளுக்கு அதே நிலைதான் என்பதே நான் சொல்ல வந்தது.

முன்பு அப்படி இருக்கவில்லை என்பதற்குச் சான்று இதே ஊரில், சிம்ஸ் பூங்காவை அடுத்து நிற்கிறது. வெறிநாய்க்கடி சிகிச்சைக்காக 1907-இல் தொடங்கப்பட்ட பாஸ்டர் நிறுவனத்தைத்தான் சொல்கிறேன். இராபர்ட் மெக்காரிசன் ஊட்டச்சத்து ஆய்வுகளை நடத்திக்கொண்டிருந்த அந்த வளாகத்துக்கு, 1929 ஏப்ரலில் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் வந்து அக்டோபர் வரை தங்கி வேலை செய்தார். அவர் கொண்டுவந்த கேள்வி பம்பாயில் பிறந்தது. அங்கே நெசவாலைப் பெண்கள் பலர் கருவுற்ற காலத்தில் கடும் இரத்தசோகைக்கு ஆளானார்கள். சிலர் இறந்தும் போனார்கள். யார் என்ன சாப்பிடுகிறார்கள் என்று விசாரித்தபோது, மிகக் குறைவான, சத்தற்ற உணவை உண்ட ஏழைப் பெண்களிடமே அந்நோய் அதிகம் இருப்பது தெரிந்தது. அதே மாதிரியான உணவை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். அவற்றுக்கும் சோகை வந்தது. ஈஸ்ட் கொடுத்தால் வரவில்லை.

ஆனால் அந்த எலிகளின் சோகைக்கு, பேன் வழியாகப் பரவும் பார்ட்டோனெல்லா என்ற கிருமியும் காரணமாக இருந்திருக்கிறது என்று பின்னர் தெரியவந்தது. ஆய்வு வீணாயிற்று என்று இதைப் படிப்பவர்கள் உண்டு. எனக்கு இந்தக் குழப்பம்தான் இந்த வரலாற்றிலேயே மதிப்புமிக்க இடமாகத் தெரிகிறது. பசியும் தொற்றும் ஒரே உடம்பில் குடியிருப்பவை, ஒன்றை மட்டும் தனியே பிரித்து எடுத்து ஆராய முடியாதவை என்பதை அந்த எலிக்கூண்டே காட்டிவிட்டது. லூசி வில்ஸ் அதோடு நிற்கவில்லை. ரொட்டியில் தடவிக்கொள்ளும் மலிவான ஈஸ்ட் சாறான மார்மைட்டைக் கொடுத்து அந்தப் பெண்களைக் குணப்படுத்தி, 1931-இல் அதை வெளியிட்டார். அதில் வேலை செய்த பொருளைத்தான் பிறகு ஃபோலிக் அமிலம் என்று அடையாளம் கண்டார்கள். நீங்கள் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்போடு 500 மைக்ரோகிராம் இருப்பது அதுதான்.

அந்த ஆய்வில் கர்ப்பிணியே கேள்வியாகவும் விடையாகவும் இருந்தாள். இன்றோ புதிய மருந்து, புதிய தடுப்பூசி எதுவானாலும், யார் யாரைச் சேர்க்கக் கூடாது என்ற பட்டியலில் அவள் பெயர் முதலில் வந்துவிடுகிறது. கருவைக் காக்கும் நல்லெண்ணம் அதில் இருக்கிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் மருந்துக்கு விலக்கு உண்டே தவிர நோய்க்கு விலக்கு கிடையாது. நம் நாட்டில் கொரோனா தடுப்பூசி 2021 ஜனவரி 16 அன்று தொடங்கியது. கர்ப்பிணிகளுக்கு அனுமதி வந்தது ஜூலை 2 அன்று. இரண்டாம் அலை அந்த இடைவெளியில்தான் வந்து போயிற்று. காங்கோவில் 2018-இல் தொடங்கிய எபோலா பரவலிலும், தடுப்பூசி முதலில் அவர்களுக்கு மறுக்கப்பட்டு மறு ஆண்டுதான் அனுமதிக்கப்பட்டது.

நம் மலைக்கு வருவோம். இங்கே நாம் அதிகம் அஞ்ச வேண்டியது உண்ணிக் காய்ச்சல், அதாவது ஸ்க்ரப் டைபஸ். புதர்களில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணியின் இளம்புழு கடிப்பதால் வருவது. கருவுற்றவர்களுக்குக் கருச்சிதைவும் குழந்தை இறந்து பிறத்தலும் நேரக்கூடும். கடுமையான நோயாளிகளுக்கு டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் என்ற இரண்டு கிருமிக்கொல்லி மருந்துகளையும் சேர்த்துக் கொடுப்பதே தனித்தனியாகக் கொடுப்பதைவிட நல்லது என்று, வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் முன்னின்று நடத்திய ஆய்வு 2023-இல் நிறுவியது. பெருமைக்குரிய ஆய்வு. ஆனால் டாக்சிசைக்ளினைக் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்க மருத்துவர்கள் பொதுவாகத் தயங்குவதால், அவர்களுக்கு அந்த முடிவில் பாதிதான் எட்டுகிறது.

ஆகவே நோயைச் சீக்கிரம் கண்டுபிடிப்பதே நம் கையில் இருக்கும் பெரிய ஆயுதம். பலருக்கு, கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போன்ற கறுப்புப் பொருக்கு இருக்கும். வலிக்காது, பெரும்பாலும் அரிக்காது. அதனால் அந்தப் பெண்ணுக்கே தெரிந்திருக்காது. அக்குளிலும், மார்பின் அடிமடிப்பிலும், பாவாடை நாடா இறுகும் இடுப்பிலும், தொடை இடுக்கிலும்தான் அது ஒளிந்திருக்கும். கொழுந்து பறித்துவிட்டு நேரே வந்து வெளிநோயாளி வரிசையில் நிற்கும் பெண் இதையெல்லாம் ஆண் மருத்துவரிடம் காட்ட மாட்டாள். அவரும் கேட்கத் தயங்குவார். திரைக்குப் பின்னால் அழைத்துப்போய், வெளிச்சத்தில் நிறுத்தி, மடிப்பு மடிப்பாகப் பார்க்க வேண்டியவர் செவிலியர்தான். பார்த்ததைச் சீட்டில் எழுதுங்கள். பொருக்கு இல்லை என்றாலும் ‘பார்த்தேன், இல்லை’ என்று எழுதுங்கள். நாளை யாராவது இந்த மலையில் கர்ப்பிணிகளின் காய்ச்சலைப் பற்றி ஆராய வந்தால், அவருக்கு முதல் ஆவணம் அந்தச் சீட்டாகத்தான் இருக்கும்.

இன்னொன்று, நாய்க்கடி. ‘மாசமா இருக்கேன் சிஸ்டர், ஊசி வேண்டாம்’ என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பழைய பேச்சு வீடுகளில் இன்னும் வாழ்கிறது. வயிற்றில் பிள்ளை இருக்கும்போது அங்கே ஊசியா என்ற பயம் நியாயமானதுதானே! ஆட்டு மூளையிலிருந்து செய்த அந்த மருந்தின் தயாரிப்பு 2004-உடன் நாட்டில் நின்றுவிட்டது. இப்போது போடுவது செயலிழந்த கிருமியைக் கொண்ட தடுப்பூசி, கையில்தான் போடுகிறோம். கர்ப்பம் அதற்குத் தடையில்லை. ஆழமான கடிக்குக் காயத்தில் செலுத்தும் இம்யூனோகுளோபுலின் என்ற நோய் எதிர்ப்பு மருந்துக்கும் தடையில்லை. வெறிநோயின் அறிகுறி தோன்றிய பிறகு காப்பாற்றுவது ஏறக்குறைய இயலாத காரியம் என்பதால், பிரசவம் முடியட்டும் என்று தள்ளிப்போடக் கூடாது. தோலில் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் ஊசி போட வேண்டும். இடையில் பிரசவ நாள் வந்துவிட்டால் அந்த வார்டிலேயே அடுத்த ஊசியைப் போட ஏற்பாடு செய்துவிடுங்கள். தாய் பால் கொடுப்பதையும் நிறுத்த வேண்டியதில்லை.