நிறுத்தக் காசு அந்தத் தெருவுக்கே வரட்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

வாகன நிறுத்தக் கட்டணம் என்ற பேச்சு மாமன்றத்தில் எழுந்தால் போதும், நாகர்கோவிலில் அன்று மாலைக்குள் அது டீக்கடை வரை வந்துவிடும். ‘சாலை வரி கட்டியாச்சு, இனி ரோட்டில் நிறுத்தவும் காசா?’ என்பார் வண்டிக்காரர். ‘காசு கேட்டால் கடைக்கு யார் வருவார்?’ என்பார் வியாபாரி. இரண்டும் நியாயமான கேள்விகள்தான். ஆனால் இந்தச் சண்டையில் வாயே திறக்காத இன்னொருவர் இருக்கிறார். சொந்தமாக வண்டி இல்லாதவர். அவர் பக்கமிருந்து இன்று கொஞ்சம் பேசுகிறேன்.

செம்மாங்குடி ரோடு மாதிரியான கடைத்தெருவில் சாயங்காலம் நடந்து பாருங்கள். பல இடங்களில் ஓடையின் மேல் போட்ட சிலாப்தான் நடைபாதை. அதில் பாதியும் ரோட்டில் பாதியுமாகக் கார் நிற்கும். இடுப்பில் பிள்ளையும் கையில் துணிப்பையுமாக வரும் பெண் நடுரோட்டுக்கு இறங்கித்தான் அந்தக் காரைத் தாண்ட வேண்டும். அப்போது பார்த்துப் பின்னால் மினிபஸ் ஹார்ன் அடிக்கும். கார் ஏறி ஏறி சிலாப்பின் மூலை உடைந்து கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். அதில் கால் இடறி விழுவது நடந்து போகிறவர்கள்தான்.

ஒரு கார் நிற்க இரண்டரை மீட்டர் அகலமும் ஐந்து மீட்டர் நீளமும் ஒதுக்குவது வழக்கம். கணக்குப் போட்டால் 130 சதுர அடிக்கு மேல் வருகிறது. சந்தையில் சாக்கு விரித்து மரச்சீனிக் கிழங்கும் கீரையும் விற்கும் அம்மாவுக்கு அதில் கால்வாசி இடம்கூடக் கிடையாது. அவர் தரைக்காசு கொடுத்துத்தான் உட்காருகிறார். பொது இடத்தில் உட்காருவதற்கு அவர் கொடுக்கலாம், நான்கு மணி நேரம் காரை நிறுத்துகிறவர் கொடுக்க வேண்டாம் என்பதை என் மனம் ஏற்கவில்லை. மத்திய அரசின் 2006-ஆம் ஆண்டு நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கையும், பிடிக்கும் இடத்தின் மதிப்புக்கேற்ற நிறுத்தக் கட்டணம் வேண்டும் என்றே சொல்கிறது. அதுவும் இடமே இல்லாத மாவட்டம் நம் கன்னியாகுமரி. 2011 கணக்கெடுப்பில் சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர். தமிழ்நாட்டில் சென்னைக்கு அடுத்த நெருக்கம் இங்கேதான்.

ஆக, கட்டணம் வரட்டும் என்பதே என் கட்சி. ஆனால் அந்தக் காசு எங்கே போகும் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

அரசியலமைப்பின் 12-வது அட்டவணையில் நகராட்சிகளின் வேலைகள் பட்டியலிடப்பட்டிருக்கின்றன. அதில் 17-வது வரி எனக்கு ரொம்பப் பிடிக்கும். தெருவிளக்கு, வாகன நிறுத்துமிடம், பஸ் நிறுத்தம், பொதுக் கழிப்பிடம் எல்லாம் அந்த ஒரே வரியில் இருக்கின்றன. நம் நடைமுறையில் இவை தனித்தனியாகக் கிடக்கின்றன. வண்டி நிறுத்துமிடம் பெரும்பாலும் குத்தகை ஏலத்துக்குப் போகிறது. ஏலத்தொகை பொது நிதியில் சேர்ந்து, எங்கே கரைந்தது என்று தெரியாமல் போகிறது. ஏலம் எடுத்தவருக்குப் போட்டதை எடுக்க வேண்டும் என்ற அவசரம். கட்டணப் பலகை இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்றால், வாய்க்கு வந்த தொகையே கட்டணம். ரசீது கேட்டால் முறைப்பு. வெளியூர்க்காரர் அதிகம் வரும் கன்னியாகுமரியில் இது இன்னும் கூடுதலாக உறுத்தும். கார்த்திகையில் சபரிமலை சீசன் தொடங்கியதும் வேன்களும் பஸ்களும் குவிகின்றன. 2024 டிசம்பரில் திறந்த கண்ணாடிப் பாலத்தைப் பார்க்க வேறு ஆட்கள் வருகிறார்கள். காசு வாங்கும் அதே இடத்தில் பெண்கள் தயங்காமல் நுழையக்கூடிய கழிப்பறையும் நல்ல தண்ணீரும் இருந்தால், யாரும் முணுமுணுக்க மாட்டார்கள்.

கலிபோர்னியாவில் பாசடீனா என்றொரு ஊர். அதன் பழைய கடைவீதி பாழடைந்து கிடந்தது. 1993-இல் நகர நிர்வாகம் அங்கே பார்க்கிங் மீட்டர் வைக்கப் போனபோது நம் வியாபாரிகள் சொல்வதையே அந்த ஊர் வியாபாரிகளும் சொன்னார்கள். மீட்டரில் விழும் காசு முழுவதையும் அந்த வீதிக்கே செலவழிக்கிறோம் என்று நிர்வாகம் வாக்குக் கொடுத்த பிறகுதான் சம்மதித்தார்கள். நடைபாதை புதிதானது, விளக்கு வந்தது, மரம் வந்தது, கூட்டிப் பெருக்க ஆள் வந்தது. கடைகளுக்குக் கூட்டமும் திரும்பி வந்தது. பாசடீனா வேறு, நாகர்கோவில் வேறுதான். ஆனால் கொடுத்த காசு கண் முன்னால் தெரிந்தால் ஜனம் கொடுக்கும் என்பது எந்த ஊருக்கும் பொருந்தும்.

கட்டணம் எப்படி இருக்கலாம்? மருந்துக்கடைக்கு ஓடிப் போய் வருகிறவரிடம் வாங்க வேண்டாம். முதல் அரைமணி நேரம் இலவசமாகவே இருக்கட்டும். அதற்கு மேல் மணிக்கு மணி ஏறட்டும். கடைக்காரர்களே காலையில் கடை வாசலில் கொண்டுவந்து போடும் வண்டிதான் பல தெருக்களில் இடத்தை அடைக்கிறது. அது நகர்ந்தால் வாடிக்கையாளருக்கு இடம் கிடைக்கும். தினமும் பைக்கை விட்டுவிட்டு ரயிலில் திருவனந்தபுரம் வேலைக்குப் போகிறவருக்கு மாத பாஸ் கொடுக்கலாம். ஆஸ்பத்திரி வாசலில் நோயாளிக்குக் கூட்டிருக்க வந்தவரிடம் மட்டும் கை நீட்டவே கூடாது. மற்ற எதிலும் பேரம் பேசலாம், இதில் பேச மாட்டேன்.

நாகர்கோவில் 2019-இல் மாநகராட்சியானது. 52 வார்டுகள். 2022 முதல் நவம்பர் 1-ஆம் தேதியை உள்ளாட்சி தினமாக மாநில அரசு கொண்டாடுகிறது. கிராமசபை மாதிரி நகரங்களில் அந்தந்தப் பகுதி மக்கள் கூடிப் பேசும் பகுதி சபாக் கூட்டங்கள் தொடங்கியதும் அந்த நாளில்தான். நமக்கோ அது 1956-இல் தாய்த் தமிழகத்தோடு இணைந்த நாள், விடுமுறை வேறு. அடுத்த பகுதி சபாவுக்குப் போங்கள். கட்டணத் தீர்மானம் வருமானால், அதில் ஒரு வரி சேர்க்கச் சொல்லி உங்கள் கவுன்சிலரிடம் கேளுங்கள்: இந்தத் தெருவில் வசூலாகும் பணத்தில் இத்தனை பங்கு இந்தத் தெருவின் நடைபாதைக்கும் விளக்குக்கும் கழிப்பறைக்கும் என்று எழுதட்டும். மாத வசூலையும் செலவையும் அந்தத் தெரு முனையிலேயே பலகை வைத்துப் போடட்டும். அந்த உடைந்த சிலாப்பிலிருந்தே வேலையை ஆரம்பிக்கலாம்.

நன்றி, வணக்கம்.