"ஆமா, ஆனா..."

(மலேசியாவின் சுங்கை சிப்புட் நகரில், கோயில் மண்டபமொன்றில் வழக்கறிஞர் ஒருவர் பேசியது)

அம்மாமார்களே, ஐயாமார்களே, பின்னால் நிற்கும் தம்பிகளே, வணக்கம்.

நான் வக்கீல் தொழிலுக்கு வந்த புதிது. மாஜிஸ்திரேட் முன்னால் ஒரு பையன் நிற்கிறான், பத்தொன்பது வயது. தோட்டத்தில் செம்பனை உதிரிப் பழம் ஒரு சாக்கு திருடினான் என்று வழக்கு. குற்றச்சாட்டை மலாயில் வாசித்தார்கள், மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார். "ஆமா" என்றான். அடுத்து வழக்கின் விவரத்தை வாசித்தார்கள். அப்போதுதான் மெல்லச் சொன்னான்: "எடுத்தேன், ஆனா எங்கள வேலை வாங்குற மண்டோருதான் எடுத்துக்கச் சொன்னாரு."

மாஜிஸ்திரேட் எழுதுவதை நிறுத்திவிட்டார். இந்த ஒப்புதலை ஏற்க முடியாது, விசாரணை நடக்கட்டும் என்றார்.

அந்த "ஆனா"வைப் பற்றிப் பேசத்தான் இன்று வந்திருக்கிறேன். உடையவர் சம்மதம் இல்லாமல், நேர்மையற்ற எண்ணத்தோடு எடுத்தால்தான் சட்டப்படி திருட்டு. அனுமதி இருக்கிறது என்று மனதார நம்பி எடுத்தவனை எப்படித் திருடன் என்பது? குற்றவியல் நடைமுறைச் சட்டம் 173-வது பிரிவு தெளிவாகச் சொல்கிறது: ஒப்புதலைப் பதிவதற்கு முன், அதன் தன்மையும் விளைவும் அவனுக்குப் புரிகிறதா, எந்த "ஆனா"வும் இல்லாமல் ஒப்புக்கொள்கிறானா என்று நீதிமன்றம் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

வெளியே வந்ததும் கேட்டேன், "ஏன் தம்பி ஆமான்னு சொன்ன?"

"லாக்கப்புல கூட இருந்தவங்க சொன்னாங்கண்ணே, ஆமான்னுட்டா இன்னிக்கே வீட்டுக்குப் போயிடலாமாம்."

தண்டனைச் சட்டம் 379-இன் கீழ் திருட்டுக்கு 7 ஆண்டு வரை சிறை உண்டு. அது அவனுக்குத் தெரியாது. ஒப்புக்கொண்டு தண்டனையும் வாங்கிவிட்டால், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 305-வது பிரிவுப்படி தண்டனையின் அளவையும் சட்டப்பொருத்தத்தையும் எதிர்த்துத்தான் மேல்முறையீடு செய்ய முடியும். "நான் செய்யவே இல்லை" என்று பிறகு அழுது பயனில்லை. புரியாமல் சொன்ன ஒப்புதலை உயர்நீதிமன்றம் மறுஆய்வில் ரத்து செய்யலாம்தான். ஆனால் அதற்குள் எத்தனை நாள் உள்ளே கிடப்பது? வீட்டில் யார் சம்பாதிப்பது?

நிஜமாகவே செய்தவன் ஒப்புக்கொண்டால் நீதிமன்றம் தண்டனையைக் குறைப்பது வழக்கம். பொய் சொல்லித் தப்பிக்க நான் சொல்லவில்லை. புரிந்துகொண்டு சொல்லுங்கள் என்கிறேன், அவ்வளவுதான். மலாய் விளங்கவில்லை என்றால் விளங்கவில்லை என்று சொல்லுங்கள். அதில் என்ன வெட்கம்?

பிள்ளையைப் பிடித்துவிட்டார்கள் என்று போன் வந்தால் பதறாதீர்கள். உறவினரோடும் வக்கீலோடும் பேசும் உரிமை அதே நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவில் இருக்கிறது. காசில்லை என்றாலும் வழி உண்டு: தேசியச் சட்ட உதவி அறக்கட்டளை 2012 முதல் குடிமக்களுக்கு இலவசமாக வக்கீல் தருகிறது.

சரி, கூட்டம் முடிந்ததும் நான் வாசல் மேசையில் இருப்பேன். யார் வீட்டிலாவது குற்றச்சாட்டுத் தாள் இருந்தால், கசங்கியிருந்தாலும் பரவாயில்லை, எடுத்துக்கொண்டு வாருங்கள். உட்கார்ந்து தமிழில் வாசிப்போம்.