சினை நிற்காத மாட்டை யாவாரிக்குக் கொடுப்பதற்கு முன்னால்

வணக்கங்க. கொழிஞ்சாம்பாறைப் பக்கம், எங்கள் கட்டுத்தரையில் நின்றுதான் பேசுகிறேன். பின்னால் அசை போட்டுக்கொண்டு நிற்கிறாளே, இவள் செவலை. மூன்று முறை சினை ஊசி, அதாவது செயற்கைக் கருவூட்டல், போட்டும் சினை நிற்கவில்லை. "கறிக்குக் கொடுத்திருங்க" என்று யாவாரி போன மாதம் விலையே பேசிவிட்டார். பாலக்காட்டுப் பக்கம் சினை நிற்காத மாட்டுக்கு அடுத்த வழி அதுதான். கறிக்கென்றே மாடு வளர்க்கிறவர்களுக்கும் வருஷத்துக்கு ஒரு கன்று வந்தால்தான் கட்டும். சினைக்காலம் ஏறக்குறைய 280 நாள். மிச்சம் 85 நாளில் கருப்பை ஆறி, பருவத்துக்கு வந்து, மறுபடி சினை பிடிக்க வேண்டும்.

சினை நிற்பதில் நோய் எதிர்ப்பு சக்திக்கு என்ன வேலை என்று கேட்டால், நிறைய இருக்கிறது. கருவில் பாதி காளையுடையது. தாயின் உடம்புக்கு அது வெளியாள். ஆனாலும் விரட்டாமல் ஒன்பது மாதம் வைத்துக்கொள்கிறது. ஊசி போட்ட 16ஆம் நாள் வாக்கில், கரு வெறும் நூலாக நீண்டிருக்கும்போதே, இன்டர்ஃபெரான் டௌ என்ற புரதத்தைச் சுரந்து தான் இருப்பதைத் தாய்க்குத் தெரிவிக்கிறது. வைரஸ் வந்தால் உடம்பு சுரக்குமே இன்டர்ஃபெரான், அந்த வகைதான் இதுவும். அது போய்ச் சேர்ந்தால் சினையைத் தாங்கும் புரோஜெஸ்ட்ரான் என்ற ஹார்மோன் குறையாமல் நிற்கும். சேராவிட்டால் 21ஆம் நாள் வாக்கில் மாடு மறுபடி பருவத்துக்கு வந்து கத்தும்.

கன்று ஈன்ற அன்று எல்லாம் தலைகீழ். இத்தனை நாள் பொறுத்துப்போன அதே உடம்பு, இப்போது நஞ்சுக்கொடியை வெளியாள் என்று கண்டுபிடித்து, வெள்ளை அணுக்களை அனுப்பி, ஒட்டை விடுவிக்க வேண்டும். அணுக்கள் சோர்ந்திருந்தால் கொடி விழாமல் உள்ளேயே அழுகும். செவலைக்கு நடந்தது அதுதான். மறுநாளும் தொங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்துப் பதறி, ஊரில் ஒருவரைக் கூப்பிட்டுக் கையை விட்டு இழுக்கச் சொன்னோம். தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். உள்ளே புண்ணாகிவிட்டது. ஈன்ற முதல் இரண்டு வாரம் அநேகமாக எல்லா மாட்டின் கருப்பையிலும் கிருமி இருக்கும்; வெள்ளை அணுக்களே தின்று துப்புரவாக்கிவிடும். இவளால் முடியவில்லை.

இங்கே வாலடியைப் பாருங்கள். பருவத்தில் வழியும் கோழை முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி தெளிவாக இருக்க வேண்டும். இவளுக்கு அதில் நூல் நூலாகச் சீழ் ஓடியது. அதைக் கவனிக்காமல் மூன்று ஊசியை வீணாக்கினோம். டாக்டர் வந்து கருப்பைக்கு மருந்து வைத்த பிறகுதான் கோழை தெளிந்தது.

அப்புறம் தீனி. ஈன்ற புதிதில் பால் ஏறும், தீனி குறையும், விலா தெரிய இளைக்கும். அப்போது வெள்ளை அணுக்களுக்கும் தெம்பு கிடையாது. அதனால் சினையின் கடைசி இரண்டு மாதமே தவிடு, புண்ணாக்கோடு தாது உப்பைச் சேருங்கள். அதில் இருக்கும் செலினியம், துத்தநாகம், தாமிரம் மூன்றும் இந்த அணுக்களுக்கு வேண்டியவை.

புருசெல்லா என்ற கிருமி மாட்டைக் கன்று வீச, அதாவது கரு கலைய, வைக்கும். கிடேரிக் கன்றுக்கு 4 முதல் 8 மாதத்துக்குள் அதற்கான தடுப்பூசியை விட்டுவிடாதீர்கள். கன்று வீசிய மாட்டின் கொடியை வெறும் கையால் தொடவே கூடாது. அந்தக் கிருமியால் மனுஷருக்கும் காய்ச்சல் வரும்.

நாலாவது ஊசி போட்டு இன்றைக்கு 17ஆம் நாள். கரு இருந்தால் இந்நேரம் அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். யாவாரியை மூன்று மாதம் கழித்து வரச் சொல்லியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை 21ஆம் நாள். விடியக்காலமே வந்து பருவத்துக்கு வந்திருக்கிறாளா என்று பார்த்து, அதையும் வீடியோ எடுத்துப் போடுகிறேன்.