‘எல்லாம் மேக்கப் தானே?’ சார்லீஸ் தெரான் பற்றி ஒரு வீடியோ

வணக்கம் மக்களே! இன்றைக்குப் போட இருந்தது வேறு வீடியோ. நேற்று ராத்திரி ஹாலிவுட் நடிகை சார்லீஸ் தெரான் நடித்த ‘மான்ஸ்டர்’ படத்தை மறுபடி பார்த்தேன். கூடப் பார்த்த நண்பன் படம் முடிந்ததும், “எல்லாம் மேக்கப் தானே?” என்றான். இன்னும் மனசு ஆறவில்லை. மேக்கப்பை வைத்து நடிப்பை எடை போட்டால் எனக்கு ஆகாது, உங்களுக்கே தெரியும்.

சார்லீஸ் தெரான் தென்னாப்பிரிக்காவின் பெனோனியில் 1975-ல் பிறந்தவர். 16 வயதில் மாடலிங் போட்டியில் ஜெயித்து மிலான் போனார். அப்புறம் நியூயார்க், அதன் பிறகு லாஸ் ஏஞ்சல்ஸ்.

அங்கேதான் அந்த செக் கதை. எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காது. ஹாலிவுட் பூல்வார்ட் பக்கம் ஒரு வங்கி. இவர் கையில் ஒரு செக். வெளி மாநிலத்து செக், பணம் தர முடியாது என்கிறார் கவுன்ட்டரில் இருந்தவர். இவர் விடவில்லை, சத்தம் போட்டுச் சண்டை! எனக்கு அந்தச் சண்டைதான் பிடிக்கும். மாடல் என்றால் அழகாகச் சிரித்துவிட்டு நகர்ந்துவிட வேண்டுமா என்ன? பின்னால் வரிசையில் நின்ற ஜான் கிராஸ்பி, நடிகர்களுக்கு ஏஜென்ட். அவர் கார்டைக் கொடுக்கிறார். அப்படித்தான் சினிமாவுக்குள் வந்தார்.

இருங்கள், முழங்காலை விட்டுவிட்டேன். நியூயார்க் போனது ஜாஃப்ரி பாலே பள்ளியில் படிக்க. முழங்கால் அடிபட்டு நடனம் நின்றுபோனது. இது முக்கியம். அவர் நடிப்பு உடம்பிலிருந்து வருவது அதனால்தான் என்பது என் கட்சி.

சரி, ‘மான்ஸ்டர்’. 2003. நிஜத்தில் ஏழு பேரைக் கொன்ற ஐலீன் வுர்னோஸ் வேடம். பொய்ப்பல், தோலில் மேக்கப், எல்லாம் உண்டு. ஆனால் கிட்டத்தட்ட 14 கிலோ எடை ஏற்றியது யார்? தோளை விறைத்து, தலையைப் பின்னால் தள்ளி, எப்போது அடி விழுமோ என்கிற மாதிரி நடக்கிறாரே, அதை எந்த மேக்கப் பெட்டியிலிருந்து எடுப்பீர்கள்? இயக்குநர் பேட்டி ஜென்கின்ஸுக்கு அது முதல் முழுநீளப் படம். அதை நம்பித் தயாரிப்பிலும் சேர்ந்தார் தெரான். சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் கிடைத்தது 2004 பிப்ரவரி 29. அது வுர்னோஸ் பிறந்த தேதி!

‘மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோடு’ படத்துக்காகத் தலையை மொட்டையடித்ததைப் பற்றி முன்பே நிறையப் பேசிவிட்டேன்.

அடுத்தது ‘அட்டாமிக் பிளாண்ட்’. அந்தப் படத்தின் சண்டைப் பயிற்சியில் பல்லைக் கடித்துக் கடித்தே இரண்டு பல் விரிசல் விட்டது. அதில் வரும் படிக்கட்டுச் சண்டையை அடுத்த வீடியோவில் ஒவ்வொரு ஷாட்டாகப் பார்க்கலாம். என் நண்பனையும் பக்கத்தில் உட்கார வைக்கிறேன்.