1966-இல் ஏது பத்மினி? ஒரு பெயர்ச்சின்னமும் பம்பாய் டாக்சியின் வரலாறும்

வணக்கம் நேயர்களே. மேசையைத் துடைத்து, விளக்கை மூன்று முறை இடம் மாற்றிய பிறகே பேசத் தொடங்கும் வழக்கமுடையவன் நான் என்பது உங்களுக்குத் தெரியும். இன்று அந்தச் சடங்குகளைச் செய்யும் பொறுமை எனக்கு இல்லை. காரணம், என் உள்ளங்கையில் இருக்கும் இந்த முலாம் பூசிய உலோகத் துண்டுதான். இது பிரீமியர் பத்மினி காரின் டிக்கி மூடியில் பொருத்தப்பட்டிருந்த பெயர்ச்சின்னம். நேற்று மும்பையின் குர்லா பகுதியிலுள்ள ஒரு பழைய உதிரிபாகக் கடையில் இதை வாங்கினேன். கடைக்காரர் இதன்மேல் ஒரு சீட்டை ஒட்டி, "1966 பத்மினி, அசல்" என்று எழுதி, 1,400 ரூபாய் விலை சொன்னார்.

1966-இல் ஏது பத்மினி? அந்த ஆண்டில் அந்தப் பெயரில் ஒரு வண்டிகூட இல்லை. அன்று குர்லா தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த கார் ஃபியட் 1100 டிலைட். பத்மினி என்ற பெயர் 1974-இல்தான் வந்தது. இதை நான் கடைக்காரரிடம் எடுத்துச் சொன்னபோது, "எல்லாம் ஒரே வண்டிதானே, சார்" என்றார். அந்த ஒரு வாக்கியம்தான் இந்தக் காணொளிக்குக் காரணம். ஒரே வண்டி அல்ல. ஒரே வம்சம் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

முதலிலிருந்து வருவோம். தொழிலதிபர் வால்சந்த் ஹிராசந்த் 1944-இல் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். குர்லா ஆலையில் முதலில் டாட்ஜ், பிளிமத் போன்ற அமெரிக்க வண்டிகளின் பாகங்களைத்தான் பூட்டினார்கள். இத்தாலியின் ஃபியட் நிறுவனத்தோடு உறவு ஏற்பட்ட பிறகு சிறிய ஃபியட் 500 வந்தது. அதன்பின் 1953-இல் இத்தாலியில் அறிமுகமான புதிய ஃபியட் 1100 இங்கு வந்து சேர்ந்தது. உருண்டு திரண்ட உடலும் முன்னே துருத்திய மூக்குமாக இருந்த அந்த வண்டிக்கு நம்மவர்கள் 'டுக்கர்' என்று பெயர் சூட்டினார்கள். டுக்கர் என்றால் மராத்தியில் பன்றி. இழிவாகத் தோன்றினாலும், அந்தச் சொல்லை உச்சரிக்கும் பழைய மெக்கானிக்குகளின் குரலில் பாசமே மிகுந்திருக்கும். அதன் முன்கதவுகளின் கீல் நடுத்தூணில் இருக்கும். ஆகவே அவை இன்றைய கார்க் கதவுகளுக்கு நேர்மாறான திசையில் திறக்கும். ஓடும்போது கதவின் தாழ் விலகினால் காற்றே அதைப் பிய்த்து விரித்துவிடும் என்பதால், அந்த அமைப்பு எனக்குச் சிறிதும் பிடிக்காது. எவ்வளவு அழகு என்று நீங்கள் கருத்துப் பகுதியில் எத்தனை முறை எழுதினாலும் என் எண்ணம் மாறாது.

செலக்ட், சூப்பர் செலக்ட் என்று இடையில் வந்தவற்றைக் குறிப்பிட்டுவிட்டு நகர்கிறேன். 1964-இல் வந்த 1100 டிலைட்தான் நம் கதாநாயகி. 1,089 சி.சி. பெட்ரோல் என்ஜின், நான்கு கியர்கள், பின்சக்கரங்களுக்குச் செல்லும் விசை, பின்பக்கத்தில் சிறு துடுப்புகளைப் போல எழும் ஓரங்கள். கியர்த்தண்டு தரையில் இருக்காது; ஸ்டீயரிங் தூணோடு ஒட்டியிருக்கும். அதனால் முன்னிருக்கை இரண்டாகப் பிளவுபடாமல் ஒரே பெஞ்சாக நீண்டிருந்தது. டாக்சிக்கு இதைவிட என்ன வேண்டும்? பின்னால் மூவர் நெருக்கியமர்ந்தாலும், முன்னால் ஓட்டுநரின் பக்கத்தில் இன்னொருவருக்கு இடம் மிஞ்சும்.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். 1966 என்று கடைக்காரர் எழுதிய அந்த ஆண்டில் உண்மையாகவே ஒரு நிகழ்ச்சி நடந்தது. இத்தாலியில் நம் டிலைட்டின் மூலமான 1100டி மாதிரியை நிறுத்திவிட்டு 1100ஆர் என்ற வாரிசைக் கொண்டுவந்தார்கள். அதுவும் 1969-இல் முடிந்துபோனது. பிறந்த மண்ணில் ஓய்வு பெற்ற வண்டியை நாம் 2001 வரை உற்பத்தி செய்துகொண்டிருந்தோம். இதைக் கடையிலேயே சொல்லியிருந்தால் இன்னும் 50 ரூபாய் குறைந்திருக்கும் என்று இரவெல்லாம் தூக்கம் வரவில்லை.

ஃபியட்டுடனான உரிம ஏற்பாடு முடிவுக்கு வந்ததும் 1970-களின் தொடக்கத்தில் அதே வண்டி 'பிரீமியர் பிரெசிடென்ட்' ஆனது. அந்தப் பெயர் நிலைக்கவில்லை. 1974 முதல் 'பிரீமியர் பத்மினி'. நம் வாசலில் இந்தப் பெயரைக் கேட்டால் நாட்டியப் பேரொளி நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் குறிக்கப்பட்டவர் ராஜஸ்தானின் சித்தூர் ராணி பத்மினி. வேடிக்கை என்னவென்றால், இத்தனை பெயர்கள் மாறியும் டாக்சி ஓட்டியவர்கள் கடைசிவரை இதை 'ஃபியட்' என்றே அழைத்தார்கள். ஆகவே 1966-ஐப் பத்மினி என்பது பிழை; 1986-ஐ ஃபியட் என்பது பழக்கம். இரண்டையும் நான் ஒன்றாக எண்ணமாட்டேன்.

பம்பாய் ஏன் அம்பாசிடரை விட்டு இதைத் தேர்ந்தெடுத்தது என்று சென்ற காணொளியில் பலர் கேட்டிருந்தீர்கள். அம்பாசிடரின் ஆலை கொல்கத்தாவை ஒட்டிய உத்தரப்பாராவில் இருந்தது. பத்மினியின் ஆலை குர்லாவிலேயே இருந்தது. எந்த ஊரில் வண்டி பிறக்கிறதோ அந்த ஊரில்தான் அதன் உதிரிபாகமும் அதை அறிந்த கையும் எளிதாகக் கிடைக்கும் என்பதே என் விளக்கம். அம்பாசிடரின் பின்னிருக்கை விசாலமானது என்பதை மறுக்கவில்லை. ஆனால் தெற்குப் பம்பாயின் நெருக்கடியில் வளைத்துத் திருப்புவதற்குப் பத்மினிக்கு நிகர் பத்மினிதான்; இதில் நான் நடுநிலையாளன் அல்லன்.

கறுப்பு உடல், மஞ்சள் கூரை, கூரையின்மேல் கேரியர், இடப்புறம் வெளியே மீட்டர். பிற்காலத்தில் சி.என்.ஜி. எரிவாயு உருளை டிக்கியை அடைத்துக்கொண்டதால் பெட்டிகளெல்லாம் கேரியருக்கு ஏறின. மீட்டரைப் பற்றி அவசியம் சொல்ல வேண்டும். அந்த இயந்திர மீட்டர் காட்டிய எண் கட்டணம் ஆகாது. கட்டணம் உயரும்போதெல்லாம் மீட்டரின் பற்சக்கரங்களை மாற்றாமல், அச்சிட்ட கட்டண அட்டையில் அந்த எண்ணுக்கு நேரே உள்ள தொகையைப் பார்த்துக் கொடுக்க வேண்டியிருந்தது. புதிதாக வந்தவர் மீட்டரைப் பார்த்து மகிழ்ந்து, அட்டையைப் பார்த்து வாடுவது அன்றாடக் காட்சியாக இருந்தது.

டீசலில் ஓடிய 137டி-யும் உண்டு. அதன் சத்தத்தைப் பற்றி ஏற்கெனவே ஒரு முழுக் காணொளி போட்டுத் திட்டியிருக்கிறேன். இறுதிக்கால எஸ்1 மாதிரியில் கியர்த்தண்டைத் தரைக்குக் கொண்டுவந்து, பெஞ்சு இருக்கையைத் தனித்தனி இருக்கைகளாக்கினார்கள். ஓட்டுவதற்கு எளிதுதான். ஆயினும் தூண் கியர் இல்லாத பத்மினியை என் மனம் ஏற்பதில்லை. 1983-இன் இறுதியில் மாருதி 800 வந்த பிறகு வீட்டு வாசல்களிலிருந்து பத்மினி மெல்ல விலகியது. டாக்சி நிறுத்தங்களில் மட்டும் அது அசையவில்லை.

உற்பத்தி நின்ற பிறகும் கடைசிப் பத்மினி டாக்சி 2003 அக்டோபர் 29 அன்று தாடதேவ் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவானது. மும்பையில் டாக்சிக்கு அனுமதிக்கப்பட்ட வயது 20 ஆண்டுகள். ஆகவே 2023 அக்டோபர் 30 முதல் அந்நகரச் சாலைகளில் பத்மினி டாக்சிக்கு இடமில்லாமல் போயிற்று. உதிரிபாகக் கடைகளில் திடீரென்று எல்லாவற்றுக்கும் 'அசல்' என்ற சீட்டு முளைத்ததற்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்பது என் ஐயம்.

சரி, விலை. 600-க்கு மேல் கொடுப்பதில்லை என்று உறுதியோடு சென்றேன். அவர் 1,400-இலிருந்து 1,200-க்கு வந்தார். நான் 1974 என்ற ஆண்டைச் சொன்னேன், 1,000 ஆனது. பிரெசிடென்ட் கதையைச் சொன்னேன். கேட்டுக் களைத்துப்போய் 850 என்றார். வரலாறு படித்ததால் 550 ரூபாய் மிச்சம் என்று வழியெல்லாம் பெருமைப்பட்டுக்கொண்டேன். வீட்டில் வந்து திருப்பிப் பார்த்தால், பின்புறமுள்ள பொருத்தும் முளைகளில் ஒன்று அடியோடு ஒடிந்திருக்கிறது. இதோ, கேமராவுக்கு அருகில் காட்டுகிறேன். அந்த வெள்ளைத் தழும்புதான்.

முளையைப் பற்றவைத்தால் முன்பக்க முலாம் கருகும். பசையிட்டு ஒட்டுவதை நான் வெறுக்கிறேன். ஆகவே பின்னால் ஒரு மெல்லிய தகட்டை வைத்து, அதில் புதிய முளையைப் பொருத்தப் பார்க்கிறேன். அதற்கு டிக்கி மூடியில் உள்ள துளைகளின் இடைவெளி மில்லிமீட்டர் கணக்கில் எனக்குத் தேவைப்படுகிறது. பத்மினி வைத்திருப்பவர்கள் அளந்து எழுதுங்கள். டிலைட் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து எழுத வேண்டாம்.