கீரிமலைத் தண்ணீரும் காங்கேசன்துறைக் கல்லும்

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையிலுள்ள காங்கேசன்துறையைப் பற்றிப் பேசச் சொன்னால் பலரும் துறைமுகத்திலிருந்து தொடங்குவார்கள். இல்லையென்றால் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலிலிருந்து தொடங்குவார்கள். நான் இன்று நிலத்துக்கு அடியிலிருந்து தொடங்குகிறேன். அந்தக் கரைக்கு மனிதர்கள் குளிக்க வந்ததற்கும், பின்னாளில் அங்கே தொழிற்சாலைப் புகைபோக்கி எழுந்ததற்கும் வேர் ஒன்றுதான்: நம் காலுக்குக் கீழே கிடக்கிற சுண்ணாம்புக்கல். கடைசி வரை இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கையாறு என்று ஒன்று உண்டு, அதுவும் மாரியில் மட்டும் ஓடும். ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற மழைதான் நமக்கு எல்லாம். அந்த மழைநீர் மண்ணுக்குள் இறங்கி, சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தங்குகிறது. நாலு பக்கமும் கடல் அல்லது களப்பு. உப்புநீர் கனமானது, நல்ல தண்ணீர் இலேசானது. எனவே தண்ணீரில் எண்ணெய் மிதப்பதுபோல, நம்முடைய நல்ல தண்ணீர் உவர்நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. உங்கள் வீட்டுக் கிணற்றில் நீங்கள் அள்ளுவது அந்த மேற்படையைத்தான். கல்லுக்குள் வழி இருக்கிற இடத்தில் அந்தத் தண்ணீர் கரையை நோக்கி நகர்ந்து, கடலோரத்தில் ஊற்றாக வெளிப்படுகிறது. அப்படி வெளிப்படுகிற இடங்களில் பேர் பெற்றது காங்கேசன்துறைக்குப் பக்கத்திலுள்ள கீரிமலை.

கீரிமலைக்குப் போகாத யாழ்ப்பாணத்தவர் குறைவு. இருந்தாலும் ஒருமுறை மனத்தால் போய் வருவோம். கேணியின் படியில் உட்காருகிறீர்கள். எதிரே ஒரு மதில். மதிலுக்கு அப்பால் கடல் இரைகிறது. காற்று பலமாக இருந்தால் அலையின் துளி மதிலைத் தாண்டி வந்து தோளில் விழும். உள்ளே தண்ணீர் தெளிந்து கிடக்கிறது, அடியிலுள்ள கல் தெரிகிறது. கீழ்ப் படிகள் பாசி பிடித்து வழுக்கும், பெரியவர்கள் கையை ஊன்றித்தான் இறங்குவார்கள். முழுகி எழும்போது வாயில் பட்ட தண்ணீரில் கடலின் கரிப்பு இல்லை. ஒரு மதிலின் அந்தப் பக்கம் உப்பு, இந்தப் பக்கம் நல்ல தண்ணீர். சிறுவயதிலிருந்து பார்த்தும் எனக்கு இந்த வியப்புத் தீரவில்லை.

ஊரின் பழங்கதைகள் இரண்டும் இந்தத் தண்ணீரைச் சுற்றியவைதான். கீரிமுகத்தோடு வந்த நகுல முனிவர் இங்கே நீராடி மனித முகம் பெற்றார் என்பது ஒன்று. குதிரைமுகத்தோடும் தீராத நோயோடும் வந்த சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி குளித்துக் குணமடைந்து, நன்றிக்கடனாக மாவிட்டபுரத்தில் முருகனுக்குக் கோயில் எழுப்பினாள் என்பது மற்றது. இரண்டிலும் நடப்பது என்ன? உடம்புக்கு முடியாதவர் ஒருவர் தூரத்திலிருந்து கடற்கரைக்கு வருகிறார், தங்குகிறார், குளிக்கிறார், தேறுகிறார். கடற்கரைக்குப் போய் உடம்பைத் தேற்றிக்கொள்வது ஆங்கிலேயர் கொண்டுவந்த பழக்கம் என்று நினைக்கிறவர்கள் இந்தக் கதைகளை ஒருமுறை யோசித்துப் பார்க்க வேண்டும். வாடிவீடு கட்டியது அவர்கள் காலத்தில் இருக்கலாம். கரைக்கு வந்து தங்குகிற வழக்கம் நம்முடையது. ஆடி அமாவாசைக்குத் தந்தையரை நினைத்துப் பிதிர்க்கடன் செய்ய வருகிற கூட்டத்தைப் பாருங்கள். கீரிமலைச் சிவன் கோயிலான நகுலேஸ்வரத்தைப் போர்த்துக்கேயர் இடித்தார்கள். ஆறுமுக நாவலர் தூண்டிவிட்ட முயற்சியால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அது மீண்டும் எழுந்தது. 1990இல் குண்டுவீச்சில் சிதைந்து, பிறகு மறுபடியும் எழுந்தது. கோயில் விழுந்து கிடந்த காலத்திலும் ஊற்று நிற்கவில்லை.

இங்கே நிலாவரையைப் பற்றிச் சொல்லாமல் போக என்னால் முடியாது. புத்தூர்ப் பக்கம் நவக்கிரியில் இருக்கிற அந்த ஆழக்கிணற்றில் எலுமிச்சம்பழத்தைப் போட்டால் அது கீரிமலைக் கேணியில் வந்து மிதக்கும் என்று சொல்வார்கள். உங்கள் வீட்டிலும் யாராவது சொல்லியிருப்பார்கள். எங்களுக்குச் சொன்னவர் அப்பு. விட்டுவிடுவோமா? ஒரு பள்ளி விடுமுறையில் மச்சான்மாரும் நானுமாக எலுமிச்சம்பழங்களைப் பொறுக்கி எடுத்து, ஒவ்வொன்றிலும் நாரத்தை முள்ளால் எங்கள் பெயரின் முதலெழுத்தைக் கீறினோம். “ஒன்று போதாது தம்பி, வழியில் எங்கேயாவது கல்லில் சிக்கிவிடும், நாலைந்து போடுங்கள்” என்று அப்பு தெளிவாகச் சொல்லி அனுப்பினார். பெரிய மச்சான் நிலாவரையில் போட்டுவிட்டுச் சைக்கிளில் வந்து எங்களோடு சேர்ந்துகொண்டார். நாங்கள் கேணிப் படியில் காவல் இருந்தோம். வெயில் சாய்ந்தது, குளிக்க வந்தவர்கள் போய்விட்டார்கள். கேணியில் துணி அலசிக்கொண்டிருந்த ஆச்சி ஒருவர் திடீரென்று தண்ணீரிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து, “இதையா தேடுகிறீர்கள்?” என்று நீட்டினார். பாய்ந்து போய் வாங்கினோம். திருப்பித் திருப்பிப் பார்த்தோம். எழுத்து இல்லை. யாரோ பூசைக்குக் கொண்டுவந்து விட்டுப்போன பழம்.

அப்புவிடம் போய்ச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. “பழம் வராவிட்டால் என்ன, தண்ணீர் வருகிறதுதானே” என்றார். அந்த வார்த்தையை நான் மறக்கவில்லை. அறிவியல் படிக்காத ஒரு தலைமுறை, நிலத்துக்கடியில் தண்ணீர் ஊர்விட்டு ஊர் நகர்கிறது என்பதைத் தெரிந்துவைத்திருந்தது. பிள்ளைகள் மறந்துவிடாமல் இருக்க அதில் ஒரு எலுமிச்சம்பழத்தைச் சேர்த்துக் கதையாக்கிக் கொடுத்தது. நிலாவரையில் மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் போனால் உப்பு. சற்றுமுன் நான் சொன்ன மேற்படை, கீழ்ப்படை அங்கே ஒரே கிணற்றில் இருக்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் கீழே இருக்கிற உவர் மேலே ஏறும். துலாவால் இறைத்த காலத்தில் அந்தப் பயம் குறைவு. இன்று வீட்டுக்கு வீடு மோட்டர்.

சரி, கரைக்குத் திரும்புவோம். புகையிரதம். காங்கேசன்துறையிலிருந்து சாவகச்சேரி வரை 1902ஆம் ஆண்டிலேயே வண்டி ஓடத் தொடங்கிவிட்டது. தெற்கோடு பாதை முழுமையாக இணைந்தது 1905இல்தான். வடக்கே கடலோரத்தில் தொடங்கிய பாதை அது என்பதை நினைவில் வையுங்கள். 1956இல் கொழும்பிலிருந்து யாழ்தேவி கடுகதி வண்டி வந்தது. யாழ்ப்பாணத்தை விட்டால் கொக்குவில், கோண்டாவில், இணுவில், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை, மாவிட்டபுரம், பிறகு காங்கேசன்துறை. இந்த வரிசையைக் கேட்டதும் சிலருக்கு இப்போதே செம்மண் தோட்டங்களும் பனங்கூடலும் கண்ணுக்குள் வந்திருக்கும். பிட்டையும் மாம்பழத்தையும் பொதி கட்டிக்கொண்டு, குடும்பமாக ஏறி, கடலில் கால் நனைத்துவிட்டு, கீரிமலையில் முழுகிவிட்டுப் பின்னேர வண்டியில் திரும்பியவர்கள் எத்தனை பேர்!

பிறகு சீமெந்து. 1950இல் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. ஜீ. ஜீ. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்த காலம். ஏன் காங்கேசன்துறையில் வைத்தார்கள்? கல் அங்கேயே கிடந்தது. களிமண் முருங்கனிலிருந்து புகையிரதத்தில் வந்தது. ஏற்றி இறக்கத் துறைமுகம் பக்கத்தில் இருந்தது. பல குடும்பங்களுக்கு அந்தத் தொழிற்சாலை சோறு போட்டது, அதை நன்றியோடுதான் சொல்கிறேன். ஆனால் தண்ணீரைத் தாங்கிய அதே கல்லைத்தான் வெட்டி எடுத்தோம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வெட்டிய குழிகள் இன்றும் கிடக்கின்றன. வெட்டிய கல் திரும்ப வளராது. அந்த ஊரில் மறுபடி எந்தத் திட்டம் வந்தாலும், கல்லைத் தொடுகிற திட்டமா என்று முதலில் கேளுங்கள். இதுதான் என் வேண்டுகோள்.

1990 ஜூனில் போரால், காங்கேசன்துறை அடங்கிய வலிகாமம் வடக்கு வெறிச்சோடியது. யாழ்தேவி நின்றது, தொழிற்சாலை நின்றது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கர்களுக்குள் போயின. இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் சொந்த வீட்டைப் பார்க்கப் போக முடியாமல் முகாம்களிலேயே கண்ணை மூடியவர்கள் பலர். போர் முடிந்த பிறகும் காணிகள் சிறிது சிறிதாகத்தான் விடுவிக்கப்பட்டன. கரையில் இப்போது இராணுவம் நடத்தும் விடுதியும் இருக்கிறது. தங்கள் காணிக்கு இன்னும் போக முடியாதவர்களுக்கு அதைப் பார்க்கும்போது என்ன தோன்றும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. வண்டி மீண்டும் காங்கேசன்துறைக்கு வந்தது 2015 ஜனவரியில். இருபத்து நான்கு ஆண்டுகளுக்கு மேல்.

நிலையத்தார் நேரத்தைக் காட்டுகிறார்கள். வெளிச்சவீட்டைப் பற்றியும் மீன்பிடித் துறையைப் பற்றியும் நிறையக் குறித்து வைத்திருந்தேன், அவற்றுக்கு இப்போது இடமில்லை. வெளிச்சவீடு பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக் காலத்தது, போரில் பழுதடைந்தது, இன்னும் நிற்கிறது. அதை மட்டுமாவது சொல்லிவிடுகிறேன். கப்பல் சேவை: 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து முதல் பயணிகள் கப்பல் வந்தது, இடையில் நின்று 2024 ஓகஸ்ட்டில் மீண்டும் தொடங்கியது. அப்படி வந்து இறங்குகிறவர்களைக் கீரிமலைக்கு அழைத்துப்போகும் உறவினர்கள் ஒன்றை மட்டும் கவனியுங்கள். கேணிக்குள் சவர்க்காரம் போட வேண்டாம், ஷாம்பூப் பைக்கற்றைப் படியில் விட்டுவிட்டு வர வேண்டாம். அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், எந்தக் கிணறு நல்ல தண்ணீர், எது உவர் என்று இன்றே கேட்டு எழுதி வையுங்கள். ஊரை விட்டு வந்து முப்பது ஆண்டுக்கு மேலாகிவிட்டது, அதைச் சொல்லத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டு வருகிறார்கள்.

வாய்ப்புத் தந்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.